விதையா, கார்பெட்டா, நடவா? வைகாசிக்குள்ள லான் வேணும்னு கேட்ட தங்கச்சிக்கு

கேள்வி: அண்ணா வணக்கம். கோயம்புத்தூர் அவுட்டர்ல புது வீடு கட்டி முடிக்கற ஸ்டேஜ்ல இருக்கோம். வீட்டுக்கு முன்னாடி 1200 சதுர அடி காலி இடம். மேற்கு ஓரத்துல பெரிய வேப்பமரம், கேட் பக்கம் கொஞ்சம் சரிவு. முன்னாடி சோளக்காடா இருந்த பூமி, இப்ப கட்டட வேலையில மண்ணு கல்லாட்டம் இறுகிக் கெடக்கு. வைகாசி கடைசியில கிரகப்பிரவேசம், அதுக்குள்ள பச்சைப்பசேல்னு லான் இருக்கணும்ங்கறார் வீட்டுக்காரர். கான்ட்ராக்டர் கார்பெட் கிராஸ் (வேரும் மண்ணுமா பாய் மாதிரி வெட்டி வர்ற புல்லு) விரிச்சா ரெண்டே நாள் வேலைங்கறார். நான் ஆன்லைன்ல கொரியன் கிராஸ் விதை பாத்தேன், கால்வாசி செலவு கூட ஆகாது போல. மாமனார் என்னடான்னா அருகம்புல்லைப் புடுங்கி நட்டா தானா படரும், எதுக்குக் காசைக் கரியாக்கறீங்கன்னு திட்டறார். போர் தண்ணிதான், பாத்திரத்துல வெள்ளையா படியும். பையனுக்கு நாலு வயசு, ஓடி விளையாடணும். எந்த முறை நல்லதுண்ணா?

பதில்:

உங்க வீட்டுல மூணு பேரு சொல்றதும் தப்பில்லீங்க தங்கச்சி, ஆனா மூணு பேரும் மூணு வேற வேற புல்லைப் பத்திப் பேசிட்டு இருக்கீங்க, அங்கதான் சிக்கல். விதையா கார்பெட்டா நடவான்னு முதல்ல கேட்டா பதிலே கிடைக்காது. எந்தப் புல்லுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா முறை பாதி தானா முடிவாயிரும், அந்தப் புல்லை முடிவு பண்றது நீங்களும் இல்ல நானும் இல்ல, உங்க இடத்துல விழுகற வெயிலும் போர் தண்ணியும் பையன் காலும்தான்.

முதல்ல அந்த ஆன்லைன் விதையை முடிச்சர்றேன், ஏன்னா வாரத்துக்கு ரெண்டு பேராவது எனக்கு அந்த போட்டோவை அனுப்பறாங்க. நம்ம ஊர் நர்சரியில கொரியன்னு விக்கறாங்களே, ஊசி மாதிரி மெல்லிசா மெத்துனு இருக்கும், அது விதை போட்டு வளர்க்கற புல்லு இல்லீங்க, துண்டு துண்டா பிச்சு நட்டுத்தான் பெருக்கறாங்க. கவர்ல கொரியன்னு போட்டிருந்தாலும் உள்ள இருக்கறது அநேகமா பெர்முடா (நம்ம அருகு ஜாதிதான்) விதையா இருக்கும், இல்லாட்டி இங்கிலாந்து மாதிரி குளிர் ஊருக்கான ரை கிராஸ், ஃபெஸ்க்யூ வகை ஏதாச்சும் இருக்கும். இந்தக் குளிர் ஊர்ப் புல்லு மொளைக்கும்ங்க, அழகா மொளைக்கும், மார்கழியில போட்டீங்கன்னா பத்தே நாள்ல பச்சைக் கம்பளம் மாதிரி வந்து நின்னு நீங்களும் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புவீங்க, பங்குனி வெயில்ல மொத்தமும் வைக்கோலாயிரும். ஊட்டி பொட்டானிக்கல் கார்டனைப் பாத்துட்டு வந்து அதே மாதிரி வேணும்னு கேக்கறவங்களுக்கும் இதே பதில்தான், ஊட்டி இருக்கறது 2200 மீட்டர் உசரத்துல, நம்ம கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர்ல.

பெர்முடா விதையைப் பெர்முடான்னு தெரிஞ்சே வாங்கிப் போட்டா அது நியாயமான முறைதான், இல்லைன்னு சொல்லல. அரை ஏக்கர், ஒரு ஏக்கர்னு பெரிய இடம், ஸ்கூல் கிரவுண்டு, அதுக்கெல்லாம் விதைதான் கட்டுபடியாகும். ஆனா அது கடுகுல கால்வாசி கூட இல்லாத பொடி விதை, மணலோட கலந்து தூவி, லேசா மண்ணு மூடி, மொளைக்கற வரைக்கும் மேல் மண்ணு காயவே கூடாதுன்னு ரெண்டு மூணு வாரம் பூவாளியோட உக்காந்திருக்கணும், அதுக்குள்ள ஒரு பெரிய மழை அடிச்சா அத்தனையும் அடிச்சிட்டுப் போய் கேட்டோரம் திட்டா மொளைக்கும். அதோட எறும்பு இழுத்துட்டுப் போறது தனி, புல்லு எது களை எதுன்னு மொதல் மாசம் அடையாளமே தெரியாதது தனி. உங்க சரிவான இடத்துக்கும் வீட்டு வேலையோட வேலையா பாக்கற உங்களுக்கும் இது ஆகாதுங்க, விட்டுருங்க.

இப்ப மாமனார் கதைக்கு வர்றேன். கல்யாண வீட்டுல பெரியவங்க ஆல் போல் தழைச்சு அருகு போல் வேரோடணும்னு வாழ்த்துவாங்கல்ல, அந்த வார்த்தையைச் சொன்னவங்க மண்வெட்டி புடிச்சவங்களாத்தான் இருக்கணும்னு நான் அடிக்கடி நினைச்சுக்குவேன். அருகு மேல ஒரு கொடி ஓட்டும், மண்ணுக்கடியில ஒரு கொடி ஓட்டும், ஒவ்வொரு கணுவுலயும் வேர் விடும், ஒரு கணு மிஞ்சினாப் போதும். காட்டுக்காரனுக்கு அது சாபம், லான் போடறவனுக்கு அதுதான் மூலதனம். அதனால அவர் சொல்ற அடிப்படை சரி. தப்பு எங்கன்னா, வரப்போரம் இருக்கற அருகுல கணுவுக்குக் கணு இடைவெளி ஜாஸ்தி, இலை பரபரன்னு இருக்கும், என்னதான் வெட்டினாலும் திட்டுத் திட்டா குச்சி தெரியும். அதே அருகுல குட்டையா, நெருக்கமா வர்றதாப் பாத்துத் தேர்வு பண்ணின ரகங்க நர்சரியில இருக்கு, நம்ம பக்கம் செலக்‌ஷன் ஒன்னுன்னு கேட்டாக் கொடுப்பாங்க. உங்க வெயில் படற இடத்துக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். கொரியன் பாக்க அழகு, மெத்துனு இருக்கும், அடிக்கடி வெட்டவும் வேண்டாம், ஆனா ஒரு இடம் தேஞ்சு போச்சுன்னா திரும்ப மூட மாசக்கணக்காகும், வெட்டாம விட்டா குமிழ் குமிழா மேடு தட்டிப்போகும். நாலு வயசுப் பையன் ஒரே எடத்துல சைக்கிளைத் திருப்பித் திருப்பி ஓட்டுவான், அந்த அடியைத் தாங்கி வாரத்துல எந்திரிக்கறது அருகு ஜாதிதான். ஆக மாமனார் பாதி ஜெயிச்சுட்டாருன்னு சொல்லிருங்க, மனுசன் சந்தோசப்படட்டும்.

ஆனா இது முழு வெயில் இருக்கற இடத்துக்குத்தான். ஆறு மணி நேரம் நேரடி வெயில் இல்லாத எடத்துல அருகு நூலாட்டம் நீண்டு வெளுத்து, வருசத்துக்குள்ள காணாமப் போகும். நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணி, பன்னண்டு, சாயந்திரம் நாலுன்னு மூணு தடவை அந்த வேப்பமர நிழல் எது வரைக்கும் விழுகுதுன்னு ஒரு குச்சியால கோடு போட்டு வெச்சுருங்க, இதைச் செய்யாம நான் எந்த வேலையும் ஆரம்பிக்கறதில்ல. உங்க அளவை வெச்சு உத்தேசமா 250 சதுர அடி நிழல்ல போகும்னு வெச்சுக்கலாம். அங்க பஃபலோ கிராஸ்னு விக்கற அகல இலைப் புல்லு போடுங்க, நிழல்ல நல்லா வரும். ஆனா மரத்தைச் சுத்தி நாலடி வட்டம் எதுவும் போட வேண்டாம், வேரு தண்ணியை உறிஞ்சிக்கும், மாசி பங்குனியில இலை கொட்டறதும் ஆனி ஆடியில பழம் விழுகறதும் புல்லுக்கு மேல விழுந்தா கூட்டிக் கூட்டியே கை போயிரும். அந்த வட்டத்துல ஒரு கல்லு பெஞ்சு போட்டுக்கங்க.

கேட் பக்கத்துச் சரிவு ஒரு 150 சதுர அடி இருக்கும்னு எடுத்துக்கறேன். அங்க மட்டும் உங்க கான்ட்ராக்டர் சொல்றது சரி, கார்பெட்டே விரிங்க, அதே செலக்‌ஷன் ஒன்னு கார்பெட். சரிவுல நட்டா வேர் புடிக்கறதுக்குள்ள மழை மண்ணை அரிச்சிரும். விரிக்கறப்ப செங்கல் கட்டற மாதிரி ஜாயின்ட் மாத்தி மாத்தி, சரிவுக்குக் குறுக்கால வெச்சு, மூங்கில் சிம்பு ஆணி மாதிரி அடிச்சு நிறுத்தணும், அதை அடிக்காம விட்டா மொத மழையில ஜமுக்காளம் மாதிரி வழுக்கிட்டு கேட்டுக்கு வந்துரும்.

மீதி இருக்கற 800 சதுர அடிதான் மெயின். அங்க கார்பெட்டா நடவான்னா, நடவு. கணக்கைப் பாருங்க. ஒரு சதுர அடி கார்பெட்டை ரெண்டு இஞ்சு சதுரமா வெட்டினா 36 துண்டு வரும். நாலு இஞ்சுக்கு ஒண்ணுன்னு நட்டா ஒரு சதுர அடி நிலத்துக்கு ஒம்போது துண்டு, அதாவது ஒரு அடி கார்பெட் நாலு அடி நிலத்துக்கு ஆச்சு. 800 அடிக்கு 200 அடி கார்பெட் போதும், காஞ்சது கழிஞ்சது சேர்த்து 220 வாங்குங்க. ஆறு இஞ்சு விட்டு நட்டா நூறு அடியே மிச்சம், ஆனா இடைவெளி கூடக்கூட நடுவுல களை உக்காந்துக்கும், களை எடுக்கற கூலியில மிச்சம் புடிச்சதெல்லாம் போயிரும், அதனால நாலு இஞ்சுதான் என் கணக்கு. மொத்தம் 7200 துண்டு, கயிறு கட்டி நாலு ஆளு ரெண்டு நாள் உக்காந்து நடற வேலை. செலக்‌ஷன் ஒன்னு நல்ல சீசன்ல ரெண்டு மாசத்துல மூடிக்கும், கொரியன்னா நாலஞ்சு மாசம் புடிக்கும்.

(இன்னொரு பழைய முறை இருக்குங்க, புல்லைப் பொடியா நறுக்கி பச்சைச் சாணி, மண்ணு, சாம்பல்ல கொழகொழன்னு கலந்து ஈரமான தரை மேல ஒரு இஞ்சு கனத்துக்கு பூசி விடறது, வீட்டுத் தரைக்கு சாணி மெழுகற மாதிரியேதான். நான் வேலை பழகினப்ப எங்க மேஸ்திரி அதுதான் பண்ணுவாரு. அருகுக்கு ஜோரா வரும், ஆனா சாணியில இருக்கற அத்தனை களை விதையும் கூடவே எந்திரிக்கும், இப்ப யாரும் அதுக்குப் பொறுமையா உக்கார்றதில்ல.)

இப்பத்தான் உங்க வீட்டுக்காரருக்குப் புடிக்காத விசயத்துக்கு வர்றேன். வைகாசிக்குள்ள வேண்டாம்ங்க.

காரணம் கோரை. நீங்க சோளக்காடா இருந்த பூமின்னு எழுதினப்பவே எனக்கு அதுதான் மனசுல பட்டுச்சு. கோரைக்கிழங்கு மண்ணுக்குள்ள மணி கோத்த மாதிரி ஒண்ணுக்கொண்ணு சங்கிலியா இருக்கும், மேல ஒண்ணைப் புடுங்கினா கீழ இருக்கறது நாலா எந்திரிக்கும், கார்பெட்டைத் துளைச்சிட்டு ஊசி மாதிரி வரும். எனக்கே ஒரு தடவை சூடு பட்டிருக்கு. ஒரு வீட்டு விசேசத்துக்கு அவசரம்னு வாடிக்கையாளர் நெருக்க, மண்ணைக் கொத்தி ஒரே வாரத்துல கார்பெட் விரிச்சுக் கொடுத்துட்டேன், விசேசத்தன்னிக்கு எல்லாரும் புகழ்ந்தாங்க, நாப்பதாவது நாள் போன் வந்துச்சு, போய்ப் பாத்தா புல்லை விட கோரைதான் உசரமா நிக்குது, கடைசியில அத்தனையும் சுருட்டி எடுத்து வெளிய போட்டுட்டு கைக்காசுல திரும்பப் போட்டேன். அதுக்கப்புறம் யாரு நெருக்கினாலும் கோரை பாக்காம நான் புல்லைத் தொடறதில்ல. கோரையா புல்லான்னு சந்தேகமா இருந்தா தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டிப் பாருங்க, கோரைத்தண்டு மூணு பட்டையா இருக்கறது விரலுக்கே தெரியும்.

இப்ப சித்திரை, உங்க நல்ல காலம் இது. இன்னிக்கே ஆள் விட்டு ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டிக் கட்டி கட்டியா அப்படியே வெயில்ல போட்டுருங்க. ஜல்லி, சிமென்ட் கட்டி, பெயின்ட் டப்பா மூடி, கம்பித்துண்டு எல்லாத்தையும் பொறுக்குங்க, அதெல்லாம் பொறுக்காம மேல ஒரு செம்மண் லோடு அடிச்சு மூடிட்டுப் போறது கட்டடக்காரங்க பழக்கம், அப்புறம் அந்த எடத்துல மட்டும் புல்லு மஞ்சளா திட்டு விழுகும். கோரைக்கிழங்கு ஈரத்துல எத்தனை நாளும் தாங்கும், காஞ்சா தாங்காது, அதனால வெயில்ல கெடக்கற மண்ணை வாரம் ஒருக்கா புரட்டி விடுங்க, கண்ணுல படற கிழங்கையெல்லாம் பொறுக்கிச் சாக்குல போடுங்க. இப்படி மூணு வாரம் காயப்போட்டுட்டு, அப்புறம் மட்டம் பண்ணித் தண்ணி விடுங்க. ஆமாங்க, புல்லே இல்லாத தரைக்கு தண்ணி விடச் சொல்றேன், பைத்தியக்காரன்னு பக்கத்து வீட்டுல பேசுவாங்க, பேசட்டும். பத்து நாள்ல மிச்சமிருக்கற களையெல்லாம் எந்திரிக்கும், கிழங்கோட கொத்தி எடுங்க, திரும்பத் தண்ணி, திரும்பக் களை. இந்த மாதிரி ரெண்டு சுத்து. இதுல செலவு பண்றதுதான் லான் செலவு, புல்லு செலவு அதுக்கப்புறம்தான். கூடுதல் செம்மண் தேவைப்பட்டா லோடு இறக்கறதுக்கு முன்னாடி ஒரு கை அள்ளிக் கிழங்கு இருக்கான்னு பாத்துட்டு இறக்கச் சொல்லுங்க, இவ்வளவு பாடுபட்டுட்டு காசு கொடுத்துக் கோரையை வாங்கின ஆளுங்க இருக்காங்க.

எரு நல்லா மக்கினதா இருக்கணும், கையில எடுத்தா சாணி வாசம் வரக்கூடாது. அரை இஞ்சு கனத்துக்குப் பரப்பினா உங்க மொத்த எடத்துக்கும் 50 கன அடி புடிக்கும், அதோட கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. மட்டம் பண்றப்ப வீட்டுச் சுவத்துல இருந்து வெளிப்பக்கமா பத்தடிக்கு ஒன்னரை இஞ்சு வாட்டம் கொடுக்கணும், கொத்தனார்கிட்ட இருக்கற டியூப் லெவலே போதும். கார்பெட் வர்ற எடத்துல மட்டும் மண்ணை நடைபாதையை விட ஒரு இஞ்சு கீழ நிறுத்துங்க, இல்லாட்டி புல்லு மேல எந்திரிச்சு தண்ணியெல்லாம் போர்டிகோவுக்கு ஓடும்.

அப்ப நடவு ஆனி கடைசி, இல்ல ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சோளத்துக்கு மட்டும் சொல்லி வெக்கலைங்க, நம்ம பக்கம் அப்பத்தான் தென்மேற்குக் காத்தும் சாரலும் வெயிலும் மாறி மாறி வரும், வேரு புடிக்க அதை விட நல்ல நேரம் இல்ல. ஐப்பசிக்குத் தள்ளிராதீங்க, அடைமழையில துண்டு அழுகும். கிரகப்பிரவேசத்தன்னிக்கு அந்த எடத்துல சாமியானா போட்டு சேர் போட்டு பந்தி போடத்தானே போறீங்க, பத்து நாள் வயசுப் புல்லு மேல முன்னூறு பேரு நடந்தா என்ன மிஞ்சும்? பந்தல்காரர்கிட்டயே பச்சை மேட் வாடகைக்கு இருக்கும், விரிச்சிருங்க, போட்டோவுல வித்தியாசம் தெரியாது.

தண்ணி விசயம். பாத்திரத்துல வெள்ளையா படியறது சுண்ணாம்பு, அதுக்குப் புல்லு பயப்படாது. உப்பு எவ்வளவுன்னுதான் பாக்கணும், ஒரு பாட்டில் தண்ணியும் ஒரு கிலோ மண்ணும் எடுத்துட்டு வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்துல கொடுங்க, பெரிய கட்டணம் ஒண்ணும் ஆகாது. ஒண்ணே ஒண்ணு, வீட்டுக்கு சாஃப்ட்னர் (கடினத் தண்ணியை மென்மையாக்கற மெஷின்) மாட்டினீங்கன்னா லானுக்கு பைப் அதுக்கு முன்னாடியே பிரிச்சிருங்க, சாஃப்ட்னர் தண்ணியில சுண்ணாம்பு போய் சோடியம் ஏறிரும், மண்ணு இறுகிக் களிமண் பாளமாயிரும். இப்ப நிறைய புது வீடுகள்ல லான் கருகறதுக்கு இதுவும் ஒரு காரணம், பிளம்பர்கிட்ட இன்னிக்கே சொல்லி வெச்சிருங்க, டைல்ஸ் ஒட்டினப்புறம் சொன்னா சுவத்தை ஒடைக்கணும். அப்புறம் அளவு. கோடையில ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணி புல்லு கேக்கும், 1200 சதுர அடின்னா சுமார் 110 சதுர மீட்டர், தினம் 550 லிட்டர் வருது. சித்திரையில உங்க போர் இதைத் தருமான்னு இப்பவே பாத்துக்கங்க. தராதுன்னா 800 அடியை 500 ஆக்கிட்டு மிச்சத்துல சரளைக்கல்லோ செடியோ வெச்சுக்கலாம், அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லீங்க.

புல்லு வாங்கப் போறப்ப நீங்களே நேர்ல போங்க. கார்பெட்டைத் திருப்பிப் பாருங்க, அடியில வேரு வெள்ளையா இருக்கணும், பிரவுனா இருந்து அழுகல் வாசம் வந்தா வேண்டாம். கோரை, தொட்டாச்சிணுங்கி மொளை இருக்கான்னு பாருங்க. அன்னன்னிக்கு நடற அளவு மட்டும் அன்னன்னிக்கு வரச் சொல்லுங்க, காலைல லோடு வந்தா சாயந்திரத்துக்குள்ள நட்டாகணும், அடுக்கி வெச்சா உள்ள சூடேறி மறுநாளே மஞ்சளாயிரும். நட்ட உடனே ரோலர் உருட்டணும், ரோலர் இல்லைன்னா பலகை வெச்சு மிதிச்சாலும் சரி, வேருக்கும் மண்ணுக்கும் நடுவுல காத்து நிக்கக்கூடாது, அவ்வளவுதான். மொத பத்து நாள் காலை மத்தியானம் சாயந்திரம்னு லேசா தெளிங்க, அப்புறம் ஒரு நேரம், வேரு புடிச்சப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா நல்லா ஆழமா. தினம் லேசா தெளிச்சிட்டே இருந்தா வேரு மேலயே சோம்பேறியா நிக்கும்.

பத்துப் பன்னண்டு நாள் கழிச்சு கார்பெட் ஓரத்தைப் புடிச்சு மெதுவா தூக்கிப் பாருங்க, தூக்க வராம இழுத்துப் புடிச்சா வேரு எறங்கிருச்சு. பையனை ஒரு மாசம் மொட்டை மாடியில விளையாட விடுங்க. மொத வெட்டு புல்லு மூணு இஞ்சு வந்தப்புறம், ஒரே தடவையில மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாதீங்க, பிளேடு கூரா இருக்கணும், இல்லாட்டி நுனி பிஞ்சு வெளுத்துப் போகும். மோவர் இப்பவே வாங்க வேண்டாம், மொத ரெண்டு வெட்டுக்கு ஆளை வெச்சுக்கங்க, அவன் மோவரைப் பாத்துட்டு அப்புறம் எது வேணும்னு முடிவு பண்ணலாம். நிழல் கோடு போட்டதும் ஒரு போட்டோ அனுப்புங்க, அந்த 250 அடி கணக்கு சரியான்னு பாத்துச் சொல்றேன்.